பாலம் தாண்டாத பூனை

பூனைக்கு பெல்ட் மாட்டித் தெருவில் கூட்டிப்போகிறவர் என்றுதான் கம்பத்தில் எங்கள் பகுதியில் என்னை அடையாளம் சொல்வார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும் பார்த்தே தலை நரைத்தவன் என்பது யாருக்கும் நினைவில்லை. அதில் வருத்தமில்லை. ஓய்வு பெற்ற அரசு ஊழியனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த விதியிலும் சொல்லப்படவில்லை. ஆனால் அந்த அடையாளத்தில் ஒரு பிழை இருக்கிறது. கயிற்றை நான் ஒருநாளும் பிடித்ததில்லை. பிடித்தது என் மனைவி. நான் சற்றுப் பின்னால் நடந்தேன், அவ்வளவுதான்.

அவள் தொடக்கப்பள்ளி ஆசிரியை. கடமலைக்குண்டில் வேலைக்குச் சேர்ந்து, ஊர் ஊராக மாறி, கடைசியில் கம்பத்தில் ஓய்வு பெற்றாள். ஓய்வுக்குப் பிறகு மறதி வந்தது. முதலில் அடுப்பில் வைத்த பால், பிறகு ஆட்களின் பெயர்கள், பிறகு தான் ஓய்வு பெற்றுவிட்ட செய்தி. காலையில் எழுந்ததும் நல்ல சேலையாக எடுத்துக் கட்டி, கைப்பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிவிடுவாள். பள்ளி எந்த ஊரில் என்பது மறந்துபோயிருந்தது. கிளம்பியாக வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை.

ஒருமுறை தேனி பேருந்து நிலையத்தில் கண்டுபிடித்தோம். கடமலைக்குண்டு வண்டி எப்போது வரும் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த முறை சின்னமனூர் தாண்டி, நெடுஞ்சாலையோரம் லாரிகளின் தூசிக்குள் நடந்துகொண்டிருந்தாள். அந்த முறை பெங்களூரிலிருந்து மகள் வந்துவிட்டாள். மதுரையில் இப்படிப்பட்டவர்களுக்கான பராமரிப்பு இல்லம் ஒன்றை அவளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

"இன்னொரு தடவை அம்மா தொலைஞ்சாங்கன்னா அங்கதான்ப்பா. இப்பவே சரின்னு சொல்லுங்க. அப்புறம் ரூல்ஸ் பேசக்கூடாது."

சரி என்றேன். நிபந்தனையுடன் கூடிய உத்தரவு. என் பணிக்காலத்தில் நானே எத்தனையோ எழுதியிருக்கிறேன். அது வாங்குகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அன்று முதல் கேட்டுக்குப் பூட்டு போட்டேன். அவள் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்று, தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டாள். "பெல் அடிச்சிருச்சு. கேட்டத் தெறங்க. பிள்ளைக வெளிய நிக்குதுக." போகிறவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க விருப்பமில்லை. பூட்டியது சரி என்று எனக்குத் தெரியும். சரியான காரியத்தைச் செய்துவிட்டுத் தலைகுனிந்து நடக்கிற வித்தையை வருவாய்த் துறை எனக்குச் சொல்லித்தரவில்லை.

பூனை வந்தது அந்தக் காலத்தில்தான். பக்கத்துத் திராட்சைத் தோட்டத்து மோட்டார் அறையில் பிறந்த உருப்படி. சாம்பல் நிறம், ஒரு காது கிழிசல். அவள் மோர்ச்சோறு வைத்தாள், அது தங்கிவிட்டது. பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்திருந்தாலும் அவளுக்கு நின்றிருக்காது. எங்கள் வீட்டுக்கு முன்னால் சுருளிப்பட்டி சாலை. விடியும்போது கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகிற ஜீப்புகள் மலையேறுவதற்கு முன்பே பறக்கிற சாலை. பூனை கம்பிக்கிடையே நுழைந்து அந்தச் சாலையில் போய் உட்காரும். அவள் உள்ளிருந்து கதறுவாள். வீடியோவில் இதைப் பார்த்த மகள், பூனைக்கு மாட்டுகிற வாரும் கயிறும் வாங்கி அனுப்பிவைத்தாள். பெங்களூரில் அடுக்குமாடிகளில் வளர்கிற பூனைகள் இப்படித்தான் வெளியே வருமாம். பெட்டியின் மேல் ஹார்னஸ் என்று போட்டிருந்தது. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் பெல்ட்டு.

உள்ளே மடித்து வைத்திருந்த குறிப்பை நான் முழுவதும் படித்தேன். இந்த நாட்டில் அப்படிப்பட்ட குறிப்புகளைக் கடைசி வரி வரை படிக்கிறவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். முதலில் சில நாள் வாரை முகர்ந்து பார்க்கவிட வேண்டும். பிறகு வீட்டுக்குள் மட்டும் மாட்டிப் பழக்க வேண்டும். விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வு இருக்க வேண்டும். இழுக்கக் கூடாது, பூனை போகிற பக்கம் நாம் போக வேண்டும். வரிசை பிசகாமல் எல்லாம் செய்தேன். மாட்டிய உடனே பூனை எலும்பெல்லாம் கழன்றுவிட்டதுபோலத் தரையில் படுத்துக்கொண்டது. பணியிடை நீக்கம் ஆன எழுத்தர்கள் சிலரை அந்த நிலையில் பார்த்திருக்கிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றாம் வகுப்புக் குரலில், "எந்திரிடா தங்கம், அழக்கூடாது, சாயங்காலம் அம்மா வந்து கூட்டிட்டுப் போவாக" என்றாள். சில நாளில் அது எழுந்து நடந்தது.

முதல்நாள் வெளியே போனபோது பூனை கேட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்தது. வெகுநேரம் உட்கார்ந்தே இருந்தது. அவளும் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். பள்ளியைக் கேட்கவில்லை, பேருந்தைக் கேட்கவில்லை. பூனை எழுந்து மைல்கல் வரை போய் எதையோ முகர்ந்தது. அவளும் போனாள். அடுத்து வேப்பமரம். அதற்கும் அப்பால் வாய்க்கால் பாலம். பாலத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் பூனை நின்றது, காதை மடக்கியது, திரும்பியது. அவளும் திரும்பினாள்.

அன்று நான் ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை. ஒரு வாரம் போல ஆன பிறகுதான் புரிந்தது. பூனை என்பது நடக்கிற பிராணி அல்ல, நிற்கிற பிராணி. நாயாக இருந்திருந்தால் அவளை இழுத்துக்கொண்டு தேனிக்கே போயிருக்கும். பூனை போகும், நிற்கும், உட்காரும், யோசிக்கும், பாலம் வந்தால் திரும்பும். கயிற்றின் மறுமுனையில் இருக்கிறவள் அதை விட்டுவிட்டுப் போக மாட்டாள். ஒப்படைத்த பிள்ளையை நடுவழியில் விடுகிற பழக்கம் அவளுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. மருத்துவரும் மாத்திரையும் மகளும் நானும் சேர்ந்து செய்ய முடியாததை அந்தக் காது கிழிந்த பூனை செய்தது. காலையில் கிளம்ப வேண்டும் என்ற அவளுடைய தவிப்பு பாலத்தோடு முடிந்தது. வீடு திரும்பி, பள்ளிக்கூடம் போய்வந்த களைப்போடு, நிம்மதியாகச் சாப்பிட்டாள். கேட்டுப் பூட்டை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

ஊர் இதை வேறு மாதிரி பார்த்தது. ஜீப்பில் அடைத்து உட்கார்ந்திருக்கிற பெண்களுக்கு மலையேறுமுன் நாங்கள்தான் வேடிக்கை.

"ஏத்தா, இங்கன பாரு, டீச்சரு பூனைக்குப் பாடம் நடத்துறாக!"

"நாய் கெடைக்கலையா ஸார்? எங்க தெருவுல சும்மாவே தாரோம், வந்து பிடிச்சிட்டுப் போங்க!"

"சும்மா இருங்கடி. மலைல எங்க மொதலாளியம்மா பூனைக்கு, அவுக பாசையில பூச்சைக்கு, மெத்தையே போட்டு வச்சிருக்கு. மலையாளத்துல செஞ்சா நாகரிகம், டீச்சர் செஞ்சா சிரிப்பா?"

சிரித்த அதே பெண்களுக்குப் பயமும் இருந்தது. ஒருநாள் பூனை ஜீப்புக்குக் குறுக்கே போய்விட்டது. வண்டியிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் இறங்கி, சாலையோரம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி ஏறினார்கள். மறுநாள் ஓட்டுநர் தனியாக வந்தார்.

"ஸார், தப்பா நெனைக்காதீக. நாங்க கொண்டை ஊசி வளைவுல ஏறுற வண்டி. ஒங்க பூனை குறுக்க வந்துச்சுன்னா பொம்பளைக எறங்கிருதுக. ஒரு டயம் சொல்லீட்டீகன்னா ரெண்டு பேருக்கும் நல்லது."

கடைசி ஜீப்பு போன பிறகே பூனை வெளியே வரும் என்று முடிவாயிற்று. கோரிக்கை, பரிசீலனை, ஆணை எல்லாம் ஒரே நிமிடத்தில், கையூட்டு இல்லாமல் முடிந்தது. என் வாழ்நாளில் அப்படி முடிந்த கோப்பு அது ஒன்றுதான்.

மழைக்காலம் முழுவதும் இப்படிப் போனது. வாழ்க்கை சரியாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அவள் என் முகத்தை மறந்துகொண்டே வந்தாள். சில நாள் என்னைப் பள்ளிக் கண்காணிப்பாளர் என்று நினைத்துக்கொண்டு, நான் உள்ளே வந்தால் எழுந்து நிற்பாள். உட்காரும்மா என்றால், "பரவால்ல ஸார்" என்பாள். ஆனால் வீட்டில் இருந்தாள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

பிறகு, நான் உயிரோடு இருக்கிறேன் என்பதை நிரூபிக்க வேண்டிய மாதம் வந்தது. ஓய்வூதியக்காரர்கள் வருடந்தோறும் செய்ய வேண்டிய சடங்கு. கைரேகை வைத்தால் போதும் என்கிறார்கள். என் விரல்களின் ரேகையைக் கோப்புகள் தேய்த்துவிட்டன. இயந்திரம் என்னை ஏற்கவில்லை. நேரில் ஆஜராக உத்தமபாளையம் கருவூலத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அன்று ஒருநாள் தங்கையைப் பார்த்துக்கொள்ள மச்சான் வந்தார். அவளுடைய அண்ணன். வாழைக்காய் வியாபாரி. தங்கை என்றால் உயிரை விடுகிறவர். அவளுக்குக் கருவாடு பிடிக்கும் என்று அவள் மறந்த பிறகும் வாரந்தோறும் வாங்கி வந்துகொண்டிருந்தவர்.

நான் உயிரோடிருப்பதாக அரசு ஒப்புக்கொண்டு, நான் வீடு திரும்பியபோது பிற்பகல். மச்சான் வாசலிலேயே நின்றிருந்தார். நல்ல காரியம் செய்து முடித்தவரின் முகம்.

"மாப்ள, கோவிக்கக் கூடாது. அந்தச் சனியனத் தொலச்சு விட்டாச்சு."

"எதை?"

"பூனையத்தான். நம்ம வண்டி திண்டுக்கல்லுக்குக் காய் ஏத்திட்டுக் கெளம்புச்சு. சாக்குல போட்டுக் குடுத்துவிட்டேன். தேவதானப்பட்டி தாண்டி எறக்கி விட்டுட்டானாம். ஆத்தத் தாண்டிருச்சுல்ல, இனி அதுக்குத் தெச தெரியாது. போதாக்கொறைக்கு, குடுக்கும்போதே சாக்க மூணு சுத்துச் சுத்தித்தான் குடுத்தேன்."

"ஏன் மச்சான்?"

"என்ன ஏன்? தெனம் விடிஞ்சா பூன மூஞ்சில முழிச்சு, அதும் பின்னாடியே வெளிய எறங்குனா, எப்படி மாப்ள அவளுக்குப் புத்தி தெளியும்? நானும் எத்தன நாள் பாத்துக்கிட்டு இருக்குறது? மண்டில கேக்குறாக, ஒந்தங்கச்சி பூனைக்குப் பின்னால போகுதாமேன்னு. எனக்கு நெஞ்சு வெடிக்குது."

அவர் ஞாயிறுதோறும் மாதா கோயில் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவர். சகுனம் பார்ப்பது பாவம் என்று அவருக்குத் தெரியும். பூனை விஷயத்தில் மட்டும் இந்தப் பள்ளத்தாக்கில் எல்லா மதத்தாரும் ஒரே சபை. சாக்கில் போட்டு, சுற்றி, ஆற்றுக்கு அப்பால் விடுவது இங்கே வழிவழியாக நடப்பதுதான். கொன்றால் பாவம், விட்டால் பாவமில்லை. ஒரு படியைக்கூட விடாமல் செய்திருந்தார். நடைமுறையில் குறை சொல்ல எனக்கு இடமே இல்லை.

"பெல்ட்டோடயா விட்டீக?"

"அத விடுவனா? காசு குடுத்து வாங்குனதுல்ல. கழட்டி அந்தா ஆணியில மாட்டிருக்கேன் பாருங்க."

அந்தப் பூனை என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று நான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் மாறவில்லை. நான் அழுகிறேனோ என்று சந்தேகப்பட்டதுபோல என் தோளைத் தட்டினார். "பூன மனுசியக் காவல் காக்குமா மாப்ள? ஒங்களுக்கும் ஒடம்பு அசந்துபோச்சு. தூங்குங்க" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிப் போனார். மறுநாள் அவரை வீட்டில் உட்காரவைத்துவிட்டு தேவதானப்பட்டிக்கு பஸ் ஏறுவது என்று நான் முடிவு செய்தேன்.

அன்று மாலை அவள் பூனையின் தட்டில் சோறு வைத்தாள். வெகுநேரம் வாசலைப் பார்த்தாள். "வரும்" என்று மட்டும் சொன்னாள்.

காலையில் ஜீப்புகள் போய்விட்டன. மச்சான் இன்னும் வரவில்லை. பூனையை எங்கே இறக்கிவிட்டார் என்று கேட்க மச்சானின் காய் வண்டி ஓட்டுநருக்கு போன் போட்டேன்.

"தேவதானப்பட்டி தாண்டி ஒரு மாந்தோப்பு ஸார். சாக்க அவுத்ததும் பாஞ்சு ஓடிருச்சு. எதுக்கு ஸார், திரும்பக் கேக்குறீக? மொதலாளி என்னைய வைவாக."

தோப்பு சாலைக்கு எந்தப் பக்கம், எதிரில் என்ன கடை, நடந்துபோகிற தூரமா என்றெல்லாம் எல்லைகள் விசாரிக்கிற பழைய பழக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்தேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஆணியில் பெல்ட்டு இல்லை. கயிறும் இல்லை. கேட் திறந்து கிடந்தது. அவளுடைய செருப்பு படியில் கிடந்தது.

பாலத்துக்கு ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. அவள் பாலத்தில்தான் நிற்பாள் என்று கொஞ்சம்கூடச் சந்தேகமில்லாமல் போனேன். பாலத்தில் யாருமில்லை. கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிற பெண், நான் கேட்குமுன்பே கையைக் காட்டினார்.

"அங்கன போறாக ஸார், சுருளிப்பட்டிப் பக்கமா. பாலத்தத் தாண்டி வந்திருக்காகளே, அதிசயமா இருக்கேன்னு, 'பூன எங்க டீச்சர்'ன்னு கேட்டேன். 'முன்னால போகுது'ன்னாக."

"கயிறு?"

"கையில இருந்துச்சு. பெல்ட்டு மட்டும் தரையில இழுபட்டுக்கிட்டே போச்சு. எப்பவும்போல நீங்க பின்னால வருவீகன்னு நெனச்சேன் ஸார்."

சாலையில் விசாரித்த எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். பார்த்தோம். பூனை டீச்சர்தானே. ஸார் பின்னால் வருவார் என்று இருந்துவிட்டோம். கயிறு இல்லாமல், கைப்பையோடு தனியாக நடந்திருந்தால் யாராவது ஒருவர் நிறுத்தியிருப்பார். கயிறு கையில் இருந்ததால் எல்லாம் ஒழுங்காக இருப்பதாக ஊர் முடிவு செய்துவிட்டது. பழகிய காட்சியை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. சுருளிப்பட்டிக்கு முன்னால் சாலை பிரிகிறது. அதற்கு அப்பால் அவளைக் கண்டவர் யாருமில்லை.

மச்சான் மோட்டார்சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போனார். நான் காவல் நிலையத்துக்குப் போனேன். காணாமல் போனவரைப் பற்றிப் புகார் கொடுக்க ஒருநாள் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை; அது சினிமா கற்றுக்கொடுத்தது. புகாரை நானே எழுதினேன். பெறுநர், அனுப்புநர், பொருள், தேதி, எல்லாம். வாங்கிப் படித்த காவலருக்கு ஒரு இடத்தில் கண் நின்றது.

"கையில் பூனைக் கயிறு வைத்திருந்தார்னு போட்டிருக்கீக. பூனையும் சேந்து காணலையா ஸார்?"

"பூனை நேத்தே போயிருச்சு."

"அப்ப அதத் தேடிப் போயிருக்காக."

"தேடிப் போகலை. அது கூட இருக்குன்னு நெனச்சுப் போறா."

அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவரிடம் எனக்கு இன்னும் நன்றி உண்டு. "ஒக்காருங்க ஸார், வயர்லெஸ் மைக்குல எல்லா ஸ்டேஷனுக்கும் சொல்லிருவோம்" என்றார். உட்கார்ந்தேன். மகளுக்கு போன் செய்தேன். தொலைந்துவிட்டாள் என்ற சொல்லை மகளிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கிளம்புகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

வெயில் உச்சிக்கு வந்து சாய்கிற நேரத்தில் அந்த ஜீப் ஓட்டுநர் காவல் நிலைய வாசலில் வந்து நின்றார். மலைக்குப் பெண்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கீழே இறங்கியவர்.

"ஏறுங்க ஸார். டீச்சர் கெடச்சிட்டாக. பழம் வெட்டப் போன பொம்பளைக போன் பண்ணுனாக. உயிரோடதான் இருக்காக, பதறாதீக. ஆனா வர மாட்டேங்கிறாகளாம்."

சுருளிப்பட்டி தாண்டி, மலையைப் பார்த்துப் போகிற வண்டிப்பாதையில், ஒரு திராட்சைத் தோட்டத்து முள்கம்பி வேலியோரம் அவள் நின்றிருந்தாள். பந்தலுக்கு அடியில் நிழல் இருந்தது. அவள் நின்ற இடம் முழு வெயில். வலது கையில் கயிறு, முறுக்காக இழுத்துப் பிடித்தபடி. கயிற்றின் நுனியில் அந்தப் பெல்ட்டு வேலிக் கம்பியின் முள்ளில் மாட்டிக்கொண்டிருந்தது. எப்போது மாட்டியதோ, அப்போது நின்றவள்.

பழம் வெட்டுகிற பெண்கள் சுற்றி நின்றார்கள். ஒருத்தி தன் முந்தானையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்திருந்தாள்.

"தண்ணி குடுத்தோம், குடிச்சாக. நெழலுக்கு 'வாங்கத்தா'ன்னா, 'பூன வரல'ங்கிறாக. கயித்தத் தொட்டா அழுகுறாக ஸார்."

அவள் என்னைப் பார்த்தாள். யாரென்று தெரிந்ததா, தெரியவில்லை. மிகவும் மரியாதையாகச் சொன்னாள்:

"கொஞ்சம் இருங்க. மோந்து பாத்துக்கிட்டு இருக்கு. வந்துரும்."

நான் குனிந்து முள்ளிலிருந்து பெல்ட்டை விடுவித்தேன். கயிறு தளர்ந்தது. தளர்ந்த அந்தக் கணமே அவள் நடக்கத் தொடங்கினாள். வீட்டுப் பக்கம் அல்ல, மலைப் பக்கம். வெந்து கொப்பளித்த பாதங்களோடு, வெறும் பெல்ட்டு பின்னால் இழுபட, வேகமாக நடந்தாள். நானும் அந்தப் பெண்களும் சேர்ந்து அவளைப் பிடித்துத்தான் ஜீப்பில் ஏற்ற வேண்டியிருந்தது. அவள் கத்தினாள். ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கம்பம் மருத்துவமனையில் சில நாள் வைத்திருந்தார்கள். பாதம் ஆற நாளாகும் என்றார்கள். மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மச்சான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார், உள்ளே வரவில்லை. சாப்பிடச் சொன்னால், "எனக்கு எதுக்கு மாப்ள சோறு" என்றார். நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எதுவும் மிச்சமில்லாதபடி அவரே தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நானும் மச்சானும் தேவதானப்பட்டிக்குப் போனோம். அந்த மாந்தோப்பில், வேட்டியை மடித்துக்கட்டிய இரண்டு கிழவர்கள், பால் கிண்ணத்தோடு, மரம் மரமாகப் பூனையைக் கூப்பிட்டுக்கொண்டு அலைந்தோம். காவல்காரர் எங்களை மாங்காய்த் திருடர்கள் என்று நினைத்து வந்தார். விவரம் கேட்டதும் திருடர்களாகவே இருந்திருக்கலாம் என்ற முகத்தோடு திரும்பிப் போனார். மறுநாள் மச்சான் தனியாகப் போனார். அதற்கும் மறுநாள் போனார். கடைசியில் ஒரு சாக்கோடு மருத்துவமனைக்கு வந்தார். உள்ளே சாம்பல் நிறப் பூனை. காதில்கூட ஒரு கிழிசல் இருந்தது. அது எப்படி ஏற்பட்டது என்று நான் கேட்கவில்லை.

அவள் அதைக் கையில் வாங்கினாள். பெற்ற மகளை நர்ஸம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், பூனையின் முகத்தை நிமிர்த்தி ஒருமுறை பார்த்தாள்.

"இது யாரு வீட்டுப் பூன? தேடுவாகல்ல. கொண்டுபோய் விட்டுருங்க."

மச்சான் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

அன்று மாலை மகள் என்னிடம் பேசினாள். அவள் நல்ல பெண். "அப்பா, நான் அன்னைக்குக் கோவத்துல சொன்னது. இது உங்க தப்பு இல்லை. வேணும்னா ஒரு ஆளை வச்சுப் பாத்துக்கலாம். நீங்க அம்மாவை அனுப்ப வேண்டாம்."

ஆணையை அவளே திரும்பப் பெற்றாள். மேல்முறையீடு செய்யாமலே கிடைத்த விடுதலை. நான் வாங்கிக்கொள்ளவில்லை. கட்டுப் போட்ட அந்தப் பாதங்கள் என் முன்னால் நீட்டிக் கிடந்தன. வேலியில் அந்த ஒரு முள் இல்லாதிருந்தால் அவள் இன்னும் நடந்துகொண்டிருப்பாள். நான் பூட்டினால் கேட்டைப் பிடித்துக் கதறுவாள், பூட்டாவிட்டால் போய்விடுவாள். பூட்டாமலே நிறுத்தத் தெரிந்தது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஜீவன். அதை ஆற்றுக்கு அப்பால் அனுப்பியாகிவிட்டது. மதுரைக்கே போகட்டும் என்றேன். மகள் அழுதாள். நான் சேர்க்கைக்குத் தேவையான சான்றுகளை எடுத்து அடுக்கினேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

இல்லத்தின் விதிகளைப் படித்தேன். நல்ல விதிகள்தான். வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். எங்கே நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். இது தெரிந்து கட்டியவர்கள்தான். வெளிக்கதவு பூட்டியிருக்கும். அந்தப் பூட்டு அவள் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பத்திலிருந்து பஸ் ஏறிப் போகிறேன். போன வாரம், தாழ்வாரத்தில் அவளைக் கவனித்துக்கொள்கிற பெண் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

"ஐயா, இவுக நிக்கவே மாட்டேங்கிறாக. சோத்துக்குக் கூப்பிட்டாலும் நடக்குறாக, கால் வீங்கிப்போச்சு, அப்பவும் நடக்குறாக. வீட்டுல என்ன சொல்லி நிப்பாட்டுவீக? சொல்லுங்க, நாங்களும் அப்படியே செய்யுறோம்."

"நான் நிப்பாட்டுனதில்லை" என்றேன்.

அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. பெண்டாட்டியை அதுபாட்டுக்கு அலையவிட்ட ஆள். விளக்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் திரும்பிக்கொண்டிருந்தாள். கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டியபடி, விரல்களை மூடியபடி. நான் போய்ச் சேர்ந்துகொண்டேன். என்னைப் பார்த்து, "வணக்கம் ஸார்" என்றாள். வணக்கம் என்றேன். பார்வையாளர் நேரம் முடிகிற வரை இருவரும் சுற்றிச் சுற்றி நடந்தோம்.